மருத்துவச் சான்றிதழ் வரும் வரை வகுப்பில் என்ன செய்வது?

பினாங்குத் தீவிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வகுப்பில் 26 பிள்ளைகள். அவர்களில் ஒருவன் எட்டு வயதுச் சிறுவன். கவின் என்று வைத்துக்கொள்வோம். ரேபிட் பினாங்கு பேருந்துகளின் எண்களும் தடங்களும் அவனுக்கு மனப்பாடம். 101 தெலுக் பஹாங்குக்கு, 204 பினாங்கு மலையடிவாரத்துக்கு என்று நிறுத்தாமல் சொல்வான். ஆனால் "சாப்பிட்டியா கவின்?" என்று கேட்டால் "சாப்பிட்டியா கவின்?" என்றே பதில் வரும். சபைகூடலில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறான். மூன்று முறை வகுப்பை விட்டு ஓடியிருக்கிறான். போன மாதம் பக்கத்து மேசை மாணவியைத் தள்ளிவிட்டதில் அவளுக்கு உதட்டில் காயம். அன்றிலிருந்து பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கவின் பெயர்தான் அடிபடுகிறது. சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கும் வேறு பள்ளிக்குப் போகச் சொல்லுங்கள் என்கிறார் தலைமையாசிரியர்.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். "நானும் அஞ்சு வயசுலதான் பேசினேன்" என்கிறார் அப்பா. பாட்டி தண்ணீர்மலை முருகனுக்கு அடுத்த தைப்பூசத்தில் பால்குடம் நேர்ந்திருக்கிறார். தடுப்பூசிதான் காரணம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒன்பது மாதத் தங்கைக்குப் போட வேண்டிய ஊசியை அம்மா தள்ளிப்போட்டிருக்கிறார். பிள்ளையுடன் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றும் வேறொருவர் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் தெரியாத பாட்டி இப்போது பேரனிடம் வாய் திறக்கவே தயங்குகிறாராம்.

ஆசிரியையின் கேள்விகள் இவை: "இது ஆட்டிசம் என்று நான் பெற்றோரிடம் சொல்லலாமா? மூன்று மொழி படிப்பதால் குழம்பிவிட்டானா? அவனை அனுப்பிவிடுவதுதான் அவனுக்கு நல்லதா? நான் சிறப்புக் கல்வி படித்தவள் இல்லை. மற்ற 25 பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறேனா?"

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் கவின் ஓடிய நாள்களுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டே படித்தேன். முதல் முறை திங்கட்கிழமை, சபைகூடல் முடிந்து வகுப்புக்கு வந்த கொஞ்ச நேரத்தில். இரண்டாவது, நீங்கள் பயிற்சிக்குப் போய் மாற்று ஆசிரியர் வந்த நாள். மூன்றாவது, மண்டபத்தில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது. அந்த மாணவியைத் தள்ளியது, ஓய்வு நேரம் முடிந்து சிற்றுண்டிச்சாலையிலிருந்து திரும்பியதும் அவள் அவனுடைய பென்சில் பெட்டியை நகர்த்தி வைத்தபோது. நீங்கள் நான்கையும் தனித்தனிச் சம்பவங்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நான்கும் ஒரே செய்தியாகப் படுகிறது. சத்தமும் எதிர்பாராத மாற்றமும் இந்தப் பிள்ளையால் தாங்க முடியாத அளவுக்குப் போய்விடுகின்றன. "போதும்" என்று வாயால் சொல்ல வரவில்லை. காலால் சொல்கிறான், கையால் சொல்கிறான்.

ஆட்டிசம் என்பது பேச்சு, பழகுவது, ஒலி ஒளியை உணர்வது ஆகியவற்றில் தெரியும் மூளை வளர்ச்சி வேறுபாடு. இது ஆட்டிசமா என்று கடிதத்தை வைத்து என்னாலும் சொல்ல முடியாது. பிள்ளையை நேரில் பார்த்து, குழந்தைப் பருவ வரலாற்றைக் கேட்டு, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் விவரிப்பவை புறக்கணிக்கக்கூடியவை அல்ல. கேட்டதையே திருப்பிச் சொல்வது, ஒரு விஷயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு, மாற்றம் தாங்காமை, சத்தத்துக்குக் காதைப் பொத்துவது எல்லாம் மருத்துவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளும் விஷயங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றுக்கு வழக்கத்துக்கு மாறாக எதிர்வினை காட்டுவதும் ஆட்டிசத்தைக் கண்டறியும் குறிகளில் ஒன்றாகச் சேர்ந்தது. 2021இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கொஞ்சம் பெரிய பள்ளி என்றால் கவின் ஒருவன் மட்டும் இருக்க வாய்ப்பில்லை. சத்தம் போடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளையும் இருக்கலாம். அவளை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதம் முழுவதிலும் ஓர் எண்ணம் ஓடுகிறது: முதலில் டாக்டர் பெயர் வைக்கட்டும், பிறகு நாம் உதவி தொடங்கலாம். டீச்சர், இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட காலம். சபைகூடலில் காது வலிக்கிறது என்பதை நம்புவதற்கும், அதைக் குறைப்பதற்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஒருவேளை ஆட்டிசம் இல்லை என்றே முடிவு வந்தாலும் கீழே சொல்பவற்றால் அவனுக்கோ மற்ற பிள்ளைகளுக்கோ நஷ்டம் எதுவும் இல்லை.

வகுப்பில் இந்த வாரமே

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். சம்பவம் நடக்கும்போதெல்லாம் மூன்று விஷயம் எழுதினால் போதும்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் நாம் என்ன செய்தோம். நேரத்தையும் எழுதுங்கள். அமைதியாக இருந்த வேளைகளையும் குறியுங்கள். எது அவனுக்கு ஒத்துப்போகிறது என்பது அங்கேதான் தெரியும். இரண்டு வாரத்தில் கிடைக்கும் இந்தக் குறிப்பு, பின்னால் மருத்துவர் கைக்குப் போகும்போது பெரிய உதவி. வீட்டில் தெரியாத பலவும் பள்ளியில்தான் தெரியவரும்.

அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து அவன் மேசையில் ஒட்டுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தமிழ், கணிதம், சாப்பாடு, மலாய், வீடு. முடிந்ததை அவனே கோடு போட்டு அடிக்கட்டும். மாற்று ஆசிரியர் வரப்போகிறார் என்றால் அதையும் ஒரு படமாக முன்கூட்டியே காட்டுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் ஆட்டிசப் பிள்ளைகளுக்காக 1970களில் வளர்த்தெடுத்த டீச் (TEACCH) என்ற கற்பித்தல் முறையில் இப்படிப் படத்தால் நாளைக் காட்டுவது முக்கியமான பகுதி. பேச்சு காற்றோடு போய்விடும், படம் மேசையிலேயே இருக்கும். உங்கள் கவினுக்கோ இந்த வேலை ஏற்கெனவே பழக்கம்: பேருந்துத் தடமும் அதுதானே! அவனுடைய நாளை நிறுத்தங்கள் உள்ள ஒரு தடமாகவே வரைந்து கொடுத்துப் பாருங்கள். கணிதத்திலும் 101ஐயும் 204ஐயும் கூட்டச் சொல்லுங்கள். பேருந்துப் பேச்சை நிறுத்தினால்தான் பாடம் ஏறும் என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பேருந்தில் ஏறித்தான் பாடமே அவனிடம் வர முடியும்.

சபைகூடலுக்கு அவன் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிக்குத் தள்ளி நிற்கட்டும். சத்தம் தடுக்கும் காதுக்கவசம் போட்டுக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். ஓய்வு நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஒரு நண்பனுடன் சிற்றுண்டிச்சாலைக்குப் போனால், கூட்டம் சேர்வதற்குள் சாப்பாட்டை வாங்கிக்கொள்ளலாம். நூலக மூலை போன்ற அமைதியான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போக வேண்டும் என்று காட்ட ஓர் அட்டை கொடுங்கள். ஓடுவதற்குப் பதில் அட்டையை நீட்டக் கற்றுக்கொள்ள அவனுக்குப் பல வாரம் ஆகலாம். முதலில் நீட்டும் நாள்களில், பாடம் பாதியில் இருந்தாலும், உடனே போக விடுங்கள். நீட்டினால் பலன் உண்டு என்று தெரிந்தால்தான் மறுபடி நீட்டுவான்.

நீங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது கேலி செய்கிறான் என்று நினைக்காதீர்கள். பல பிள்ளைகளுக்கு அது யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். சிலருக்கு அதுவே "ஆமாம்". கேள்வியைச் சுருக்குங்கள், கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்த வேண்டாம். பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் நிறைய.

அவன் நிலைகுலையும் நேரத்தில் பேச்சைக் குறைத்து, மற்ற பிள்ளைகளை நகர்த்தி, விசிறியையோ விளக்கையோ அணைத்து, அருகில் இருங்கள். அந்த நிமிடத்தில் புத்திமதி எதுவும் உள்ளே போகாது. கையைப் பிடித்து உட்கார வைத்தேன், அதனால் இன்னும் கத்தினான் என்று வருந்தியிருக்கிறீர்கள். இனி அடிபடும் ஆபத்து இருந்தால் மட்டும் தொடுங்கள். அவ்வளவுதான், அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஓடுவதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளி நேரத்தில் வெளிவாசல் பூட்டியிருக்கிறதா, அவன் காணவில்லை என்றால் யார் எந்தப் பக்கம் தேடுவது, காவலாளிக்கு அவனைத் தெரியுமா என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். பள்ளிக்கு அருகே பெரிய வடிகாலோ ஆறோ கடலோ இருந்தால் முதலில் தேட வேண்டியது அங்கே. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர்.

பெற்றோரிடம் என்ன சொல்வது

"ஆட்டிசம்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். தெரியாதவர் என்பதால் இல்லை, அது உங்கள் வேலை இல்லை என்பதால். சொன்னால், உரையாடல் முழுவதும் அது சரியா தவறா என்ற சண்டையாக மாறிவிடும். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் நின்று பேசாமல் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்து, முடிந்தால் பாட்டியையும் அழைத்து, முதலில் அவனிடம் நீங்கள் ரசிக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல உங்களிடம் நிறைய இருக்கிறது. பிறகு நோட்டைத் திறந்து இப்படிக் கேட்கலாம்: "சத்தம் வந்தால் அவன் ரொம்ப கஷ்டப்படுறான். வீட்லயும் அப்படியா? ஏன்னு தெரிஞ்சா நான் இன்னும் நல்லா உதவலாம். ஒரு தடவை கிளினிக்கில் காட்டலாமா?"

ஐந்து வயதில்தான் பேசினேன் என்று சொல்லும் அப்பாவிடம் வாதாட வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரியது. மகனிடம் அவர் தன்னையே பார்க்கிறார் என்றால், மகனை அவரைவிட நன்றாகப் புரிந்துகொள்பவர் வேறு யார்? "நீங்க சின்ன வயசுல பள்ளியில என்னென்ன கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டியின் பால்குடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்லாதீர்கள். நேர்த்திக்கடனும் மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று தடை இல்லை. ஆனால் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறேன் என்று திரவமோ மாத்திரையோ விற்பவர்கள் வந்தால், அங்கே மட்டும் உறுதியாக "வேண்டாம்" என்று சொல்லுங்கள். அப்படி ஒரு மருந்து இல்லை. சிலவற்றால் பிள்ளையின் உடலுக்கே கேடு.

அம்மாவிடம் தனியாக ஒன்று பேச வேண்டும், அதுவும் சீக்கிரம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயம், 1998இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரையால் பரவியது. எழுதியவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் பிரிட்டனில் மருத்துவம் பார்க்கும் உரிமத்தையும் இழந்தார். பிறகு பல நாடுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளில் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. நம் நாட்டில் அந்த ஊசி ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போடப்படுகிறது. தங்கைக்கு இப்போது அந்த வயது. தட்டம்மை உயிரையே பறிக்கக்கூடிய நோய். அம்மாவைக் குற்றம் சொல்லாமல், கிளினிக்கில் தாதியிடம் கேட்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் நீங்களும் கூடப் போங்கள்.

வழி இதுதான்: வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு உங்கள் குறிப்புகளோடு போக வேண்டும். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து பினாங்கு பொது மருத்துவமனை போன்ற இடத்தின் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். காதுப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளட்டும்; பேச்சு தாமதமான எல்லாப் பிள்ளைக்கும் அது தேவை. நாசோம் எனப்படும் மலேசிய தேசிய ஆட்டிசம் சங்கம் பெற்றோருக்கு வழிகாட்டும். இதே நிலையைக் கடந்து வந்த இன்னொரு அம்மாவிடம் பேசக் கிடைத்தால், நான் எழுதுவதைவிட அது பலன் தரும்.

தமிழால் வந்த குறையா?

இல்லை. ஒரு மொழி பேசும் ஆட்டிசப் பிள்ளைகளையும் இரு மொழி பேசும் ஆட்டிசப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், கூடுதல் மொழியால் பேச்சு மேலும் தாமதமானதாகத் தெரியவில்லை. இருந்தும் "ஒரே மொழி போதும்" என்ற அறிவுரை கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இன்னும் நம் குடும்பங்களின் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. விழும்போதெல்லாம் தியாகமாவது தமிழ்தான். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றோர் பிள்ளையிடம் "கம்", "சிட்", "நோ" என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொஞ்சுவது, கதை சொல்வது, திட்டுவது, பாட்டுப் பாடுவது எல்லாம் நின்றுபோகின்றன. பேச்சே குறைவாக உள்ள பிள்ளைக்குக் காதில் விழும் பேச்சும் குறைந்தால் அவன் எதை வைத்துக் கற்றுக்கொள்வான்? பாட்டியிடம் தயங்காமல் பேசச் சொல்லுங்கள். பேருந்து எண்களைப் பற்றிப் பாட்டி தமிழில் கேட்டால் அவன் தமிழில் பதில் சொல்லும் நாள் வரலாம்.

பள்ளியில் ஒன்று கவனியுங்கள். நீங்கள் "உட்கார்" என்கிறீர்கள், மலாய் ஆசிரியர் "டூடோக்" என்கிறார், ஆங்கில ஆசிரியர் வேறொன்று சொல்கிறார். மூன்று பேரும் ஒரே படஅட்டையைக் காட்டினால் அவனுக்குச் சுமை குறையும்.

இதே வகுப்பா, சிறப்பு வகுப்பா?

தலைமையாசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிபிகேஐ எனப்படும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பில் பிள்ளைகள் குறைவு, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பார், மாணவர்களைக் கவனித்துக்கொள்ள உதவியாளரும் இருப்பார். சில பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். ஆனால் அது எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் இல்லை. கவின் அங்கே போவது என்றால் பெரும்பாலும் மொழியும் நண்பர்களும் ஆசிரியரும் ஒரே நாளில் மாறுவது. மாற்றம்தான் அவனுக்கு மிகக் கடினம் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்தோம். பேருந்து எண்களைக் கூட்டத் தெரிந்த பிள்ளை வழக்கமான வகுப்பிலேயே உதவியோடு படிக்க முடியுமா என்று முதலில் பார்க்காமல் அனுப்புவது சரியில்லை என்பது என் கருத்து.

அவன் உரிமை என்ன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக்கூடாது என்ற ஜீரோ ரிஜெக்ட் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் கொண்டுவந்தது. "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எந்தப் பள்ளியும் சொல்ல இடமில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 28ஆம் பிரிவில், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வி முறையிலிருந்து யாரையும் விலக்கக்கூடாது என்கிறது. ஆனால் மீறும் பள்ளிக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டம் நிறைவேறியபோது அதில் எழுதப்படவில்லை. அதனால் சட்டத்தை வைத்து மிரட்டுவதைவிட, அதைக் காட்டிப் பேசி முடிப்பதே பலன் தரும். 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, சிறப்புத் தேவையுள்ள மாணவரை ஓர் இடத்தில் சேர்த்து மூன்று மாதம் வரை பொருத்தம் பார்க்க வழி இருக்கிறது. ஒரு பிற்பகலில் அவசரமாக முடிவு எடுக்க வேண்டியதில்லை.

சிறப்புக் கல்வி உதவிக்கு மருத்துவரின் உறுதிப்பாடு தேவைப்படும். ஓகேயூ எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை என்றதும் அப்பா கோபப்படலாம், "என் பையன் பைத்தியமா?" என்று. சமூகநல இலாகாவில் பதிவு செய்வது பெற்றோரின் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வருகிறது, மனநலப் பிரிவு வேறு. அரசாங்க மருத்துவமனைச் சலுகை, வருமான வரிக் கழிவு போன்றவை அந்த அட்டையால்தான் கிடைக்கின்றன. இதை மெதுவாகச் சொல்லுங்கள். இப்போது மறுத்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி பேசலாம்.

மற்ற பெற்றோர் விஷயம். புலனக் குழுவில் நீங்கள் கவினைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம், ஆதரவாகவும் வேண்டாம். காயம்பட்ட மாணவியின் பெற்றோரைத் தனியே அழைத்து, நடந்ததற்கு வருத்தம் சொல்லி, இனி நடக்காமல் இருக்க இருக்கையை மாற்றியது, ஓய்வு நேரத்தை மாற்றியது என்று செய்தவற்றைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பது மகளின் பாதுகாப்பு. அது நியாயமான கோரிக்கை. அந்தச் சிறுமியிடமும் அவள் பயத்தைக் கேளுங்கள். வகுப்பிடம், ஒவ்வொருவருக்கும் சத்தம் ஒவ்வொரு மாதிரி கேட்கும் என்று பொதுவாகப் பேசலாம்; கவினின் நிலையைப் பெயர் சொல்லி விளக்குவது பெற்றோர் சம்மதித்த பிறகுதான். மற்ற 25 பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். மேசையில் பட அட்டவணை, சுருக்கமான கட்டளை, சத்தம் குறைந்த வகுப்பு என்பதால் பலன் பெறப்போகிறவர்கள் அந்த 25 பேரும்தான்.

அடுத்ததாகத் தலைமையாசிரியர், மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர், பள்ளி ஆலோசக ஆசிரியர், பெற்றோர் ஆகியோருடன் ஒரு கூட்டம் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்காமல் தேதி போட்டு எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பெற்றோர் மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்விப் பிரிவை அணுகலாம். அதை அவர்களே செய்யட்டும், உங்கள் வேலைக்கு அது பாதுகாப்பு. கூட்டத்தில் முடிவானவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: சபைகூடலில் எங்கே நிற்பான், ஓடினால் யார் போவது, அமைதி இடம் எது, எந்த வார்த்தைக்கு எந்தப் படம். ஒரு நகல் பெற்றோரிடமும் ஒரு நகல் அலுவலகத்திலும் இருக்கட்டும். மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியர் யார் என்று தெரிந்த அன்றே மூன்றாவது நகலை அவர் கையில் கொடுத்து, பள்ளி திறக்கும் முன் கவினை அந்தப் புது வகுப்பறைக்கு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.